அம்மாவின் கையில் இல்லாத கேமரா

டேவிட் ஃப்ரீட்மன் அறையில் தனியாக உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். இது இன்றைய நானும் பிற்காலத்து நானும் பேசிக்கொள்வது, வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் பார்க்கக் கூடாது என்ற பொருளில் ஆரம்பிக்கிறார். அப்புறம் கோபப்படுகிறார், உடைந்து அழுகிறார். எண்பதுகளின் கடைசியில் எடுத்த அந்தப் பதிவை, பல ஆண்டுகள் கழித்து அவரே ஒரு இயக்குநரின் கையில் கொடுத்தார். அதனால்தான் நாம் அதைப் பார்க்கிறோம்.

அந்த ஆவணப்படத்தின் பெயர் 'கேப்சரிங் தி ஃப்ரீட்மன்ஸ்'. ஆண்ட்ரூ ஜரெக்கி இயக்கி 2003-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ஆவணப்படங்களுக்கான நடுவர் குழுவின் பெரிய பரிசை வாங்கியது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஜரெக்கி முதலில் எடுக்கக் கிளம்பியது இந்தப் படத்தையே அல்ல. நியூயார்க்கில் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்குப் போகும் கோமாளிகளைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கப் போனார். டேவிட் அந்தத் தொழிலில் பெயர் பெற்றவர். பேசப் பேச, இந்த மனிதர் தன் குடும்பத்தைப் பற்றி எதையோ சொல்லாமல் விடுகிறார் என்று ஜரெக்கிக்குத் தோன்றியிருக்கிறது. தோண்டினால், கட்டுக்கட்டாக வீட்டு வீடியோக்கள்.

என் பிழைப்பே பழைய கேசட்டுகளோடுதான். வீடுகளில் அலமாரிக்கு மேல் கிடக்கும் வி.எச்.எஸ்., எட்டு எம்.எம். கேசட்டுகளைச் சுத்தம் செய்து, ஓடவிட்டு, கணினியில் ஏற்றிக் கொடுக்கிறேன். பூஞ்சை பிடித்த நாடாவைக் கையால் சுற்றித் துடைக்க வேண்டும், நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொண்டால் படம் பனி கொட்டுகிற மாதிரி ஆகிவிடும், ஹெட்டும் நாடாவும் சரியாகப் பொருந்த டிராக்கிங் சரி செய்ய வேண்டும். வேலை முழுக்க நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அப்படிப் பார்த்த குடும்பங்கள் ஏராளம். கல்யாணம், பிறந்தநாள், முதல் நடை, சுற்றுலா. சண்டையை யாரும் பதிவு செய்வதில்லை. சண்டை தொடங்கும் முன்பே கேமரா அணைந்துவிடும். சில கேசட்டுகளில் ஒருவரின் முகம் இறுகுவது தெரியும், அடுத்த நொடி வேறு நாள், வேறு இடம். அந்த வெட்டுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை அந்தக் குடும்பம் மட்டும்தான் அறியும்.

ஃப்ரீட்மன் வீட்டில் கேமரா அணையவில்லை.

என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்டில் கிரேட் நெக் என்ற வசதியான ஊர். ஆர்னால்ட் ஃப்ரீட்மன் ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டிலேயே சிறுவர்களுக்குக் கணினி வகுப்பு எடுத்தார். 1984-ல் நெதர்லாந்திலிருந்து அவர் பெயருக்குத் தபாலில் வந்த, சிறுவர்களின் ஆபாசப் படங்கள் அடங்கிய ஓர் இதழைச் சுங்கத்துறை பிடித்தது. அஞ்சல் துறை ஆய்வாளர்கள் வேறு ஆள் போலக் கடிதப் போக்குவரத்து நடத்தி, 1987 நவம்பரில் வீட்டைச் சோதனை போட்டார்கள். அங்கே வகுப்பு மாணவர்களின் பெயர்ப் பட்டியல் கிடைத்தது. உள்ளூர் போலீஸ் வீடு வீடாகப் போய்ச் சிறுவர்களை விசாரித்தது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள் ஆர்னால்டும், வகுப்பில் உதவிக்கு இருந்த அவருடைய கடைசி மகன் ஜெஸ்ஸியும் கைதானார்கள். ஜெஸ்ஸிக்கு அப்போது 18 வயது. குற்றச்சாட்டு: வகுப்புக்கு வந்த சிறுவர்கள் மீது பாலியல் வன்கொடுமை. அப்பாவும் மகனும் அடுத்தடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்பாவுக்கு 10 முதல் 30 ஆண்டு, மகனுக்கு 6 முதல் 18 ஆண்டு. ஆர்னால்ட் 1995-ல் சிறையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜெஸ்ஸி 13 ஆண்டுகள் இருந்துவிட்டு 2001 டிசம்பரில் வெளியே வந்தார்.

படத்தைப் பற்றி யார் எழுதினாலும் "செய்தார்களா, இல்லையா" என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறார்கள். நியாயமான கேள்வி. நான் அதற்கும் வருகிறேன். ஆனால் எனக்குப் படம் முழுக்க வேறொன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது: இலேன். ஆர்னால்டின் மனைவி, மூன்று பையன்களின் அம்மா.

கைதுக்கும் சிறைக்கும் இடைப்பட்ட மாதங்களில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்த வாக்குவாதங்களை டேவிட் பதிவு செய்திருக்கிறார். மகன்கள் அப்பாவின் பக்கம். அப்பா ஒரு தவறும் செய்யாதவர் என்பதுபோல் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள். இலேனுக்கு அப்படி நிற்க முடியவில்லை. கணவர் ஒளித்து வைத்திருந்த இதழ்களைப் பற்றி அவருக்கு இப்போது தெரியும். இத்தனை ஆண்டு கூட வாழ்ந்த மனிதரைத் தனக்குத் தெரியாது என்று அவர் உணரும் நேரம் அது. அதை வாய்விட்டுச் சொன்னதும் பிள்ளைகள் அவர் மேல் பாய்கிறார்கள். ஒரு தடவையாவது எனக்கு ஆதரவாக இருக்கக் கூடாதா என்கிற தொனியில் அவர் கேட்கும் இடத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். யாரும் பதில் சொல்லவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சத்தம் இருக்கிறது, பதில் இல்லை.

இந்த இடத்தில் என் தொழில் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வீட்டு வீடியோ கேமராவில் மைக் கேமராவோடு சேர்ந்தே இருக்கும். எடுப்பவரின் வாய்க்கு அது ஓரடி தூரம். மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவருக்கு எட்டடி, பத்தடி. அதனால் எடுப்பவர் முணுமுணுத்தாலும் கனமாக, தெளிவாக, காதுக்குள் பேசுகிற மாதிரி கேட்கும். எதிரில் இருப்பவர் அதே அளவு நிதானமாகப் பேசினால் அமுங்கிப்போகும், கேட்க வேண்டுமென்றால் குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் கீச்சென்று வரும். போதாக்குறைக்கு அந்தக் கேமராக்கள் ஒலி அளவைத் தாமாகவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அமைதியாக இருக்கும்போது அறையின் இரைச்சலை மேலே இழுக்கும், யாராவது கத்தினால் பட்டென்று எல்லாவற்றையும் கீழே அமுக்கும். பக்கத்தில் ஒருவர் பேசி முடித்ததும், தூரத்தில் இருப்பவர் சொல்லும் முதல் ஒன்றிரண்டு வார்த்தைகள் அதில் அடிபட்டுப்போவதை நான் தினமும் கேட்கிறேன்.

குடும்பத்தில் யார் நியாயமாகப் பேசினார், யார் கூச்சலிட்டார் என்று பதிவை வைத்து முடிவு செய்யும்போது, இந்தச் சின்ன விஷயமும் நமக்காக முடிவெடுத்துக்கொண்டிருக்கும். கேமராவை வைத்திருந்தவர் மகன். அவருடைய பார்வை, அவருடைய உயரம், அவருடைய குரலுக்குப் பக்கத்தில் மைக். இலேன் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் படம் பிடித்திருந்தால், அதே சாப்பாட்டு மேசையில் அதே இரவில் நாம் வேறொரு குடும்பத்தைப் பார்த்திருப்போம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

படம் வந்தபோது பலர் இலேனை ஈரமில்லாத மனசுக்காரி என்று எழுதினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு எரிந்தது. நேர்காணல்களில் அவர் பேசுவதைக் கவனியுங்கள். அப்பாவும் பிள்ளைகளும் ஒரு கும்பல் மாதிரி, அவர்களுடைய கேலியும் பாட்டும் அவர்களுக்குள்ளேயே, தான் அதற்கு வெளியே என்பதை அவர் அழாமல், சாதாரணமாகச் சொல்கிறார். படத்தின் முதல் பாதியில் வரும் பழைய வீட்டுப் படங்களைப் பார்க்கும்போது நாமும் அந்தக் கும்பலில் சேர்ந்துவிடுகிறோம். அப்பா பியானோ வாசிக்கிறார், பிள்ளைகள் கூத்தடிக்கிறார்கள், எல்லாம் கலகலப்பு. சிரிக்காதவர் அம்மா மட்டும்தான், ஆகவே அவரிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறோம். அந்தச் சிரிப்புக்குள் இருந்தவர் எதை மறைத்தார் என்பது தெரிந்த பிறகும் அந்த எண்ணம் நம்மிடமிருந்து முழுசாகப் போவதில்லை.

ஆர்னால்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஜெஸ்ஸி தப்பிக்கலாம் என்று நம்பி, அதற்காக வற்புறுத்தியவர் இலேன்தான். அது நடக்கவில்லை. பிள்ளைகள் அதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஆர்னால்ட் தானாக ஒரு முடிவும் எடுக்காமல், மேசையின் ஓரத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதும் அதே பதிவுகளில் இருக்கிறது. அவரிடம் ஒருவரும் கோபப்படுவதில்லை. இந்தப் படத்தில் எனக்குப் பொறுக்க முடியாத காட்சி அதுதான்.

சரி, குற்றம் நடந்ததா?

பதிவுகள் இதற்கு விடை தராது. ஜெஸ்ஸி சம்பந்தப்பட்ட இரண்டு பதிவுகள் படத்தில் இருக்கின்றன. ஒன்று நீதிமன்றக் கேமரா எடுத்தது. அதில் ஜெஸ்ஸி அழுகிறார். அப்பா தன்னிடமும் தவறாக நடந்துகொண்டார் என்கிற வாதம் அங்கே வைக்கப்படுகிறது. இன்னொன்று அண்ணன்மார் எடுத்தது. நீதிமன்றத்துக்கு வெளியே அதே பையன் ஆட்டம் போட்டு, வேடிக்கை காட்டுகிறான். கல்நெஞ்சன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பயத்தில் செத்துக்கொண்டிருந்த பையனை அண்ணன்மார் சிரிக்க வைத்தார்கள் என்றும் சொல்லலாம். பிற்பாடு ஜெஸ்ஸி, அப்பா பற்றிய அந்தக் கதை தன் வழக்கறிஞரின் யோசனை என்கிறார். வழக்கறிஞரோ, அதை என்னிடம் சொன்னதே ஜெஸ்ஸிதான் என்கிறார். இரண்டு பேரும் கேமராவைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இரண்டு கேமராக்கள், ஒரே முகம். அழுகையும் ஆட்டமும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதைத் தாண்டி என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இதைவிட உதவியது ஒரு சாதாரணப் புகைப்படம். சோதனை நடந்த நாளில் வீட்டில் ஆபாச இதழ்கள் கண்ணில் படும்படி அங்கங்கே அடுக்கிக் கிடந்தன என்று விசாரணைக்குத் தலைமை தாங்கிய அதிகாரி நேர்காணலில் சொல்கிறார். ஜரெக்கி உடனே போலீசே அன்று எடுத்த படங்களைக் காட்டுகிறார். அப்படி எதுவும் அதில் இல்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒருவரின் நினைவு எப்படி வளர்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு வார்த்தை விளக்கமும் தேவைப்படவில்லை. வகுப்பில் படித்தவர்களில் ஒருவர், தனக்கு ஹிப்னாடிச வசியத்தின் மூலம்தான் நினைவு திரும்பியது என்கிறார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இதுபோன்ற வழக்குகள் வரிசையாக வந்ததையும், சிறுவர்களிடம் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேட்டு வாக்குமூலம் வாங்கிய முறையையும் பத்திரிகையாளர் டெபி நேதன் படத்தில் விளக்குகிறார்.

அதே சமயம் ஜரெக்கி விட்டுவிட்டவையும் உண்டு. இந்த வழக்கில் மூன்றாவதாக ஒரு இளைஞரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அவர் படத்தில் இல்லை. ஜெஸ்ஸி 1989-ல் சிறையிலிருந்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பேசினார், அதுவும் இல்லை. அது ஒரு திட்டத்தோடு செய்தது என்று பிற்பாடு ஜெஸ்ஸி தரப்பு சொன்னது. அதையும் சேர்த்தே காட்டி, முடிவைப் பார்ப்பவரிடம் விட்டிருக்கலாம். ஆர்னால்டைப் பொறுத்தவரை, சிறுவர்கள் மேல் தனக்கு இருந்த நாட்டத்தை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தமக்கு நடந்தது நடந்ததுதான் என்று கடைசி வரை சொன்ன முன்னாள் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வீடுகளில் கேமரா எதுவும் ஓடவில்லை. நமக்குக் காட்ட அவர்களிடம் கேசட் இல்லை. பார்வையாளரின் மனசில் ஃப்ரீட்மன் பிள்ளைகள் ரத்தமும் சதையுமாக நிற்பதற்கும், அந்த மாணவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கும் நிழல்களாகத் தெரிவதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

வழக்கு படத்தோடு முடியவில்லை. 2010-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டப்படி தங்களால் தண்டனையை ரத்து செய்ய முடியாது என்றாலும், ஜெஸ்ஸி தவறாகத் தண்டிக்கப்பட்டிருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று எழுதியது. அதன் பேரில், கிரேட் நெக் அடங்கிய நாசாவ் (Nassau) கவுன்டியின் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மறு ஆய்வு செய்து, 2013-ல் தண்டனை சரியே என்று அறிக்கை கொடுத்தது. ஜரெக்கியே ஜெஸ்ஸியின் பக்கம் வெளிப்படையாக நின்று குரல் கொடுத்தார். படத்தில் நடுநிலையாக இருந்தவர் வெளியே அப்படி இல்லை என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவர் நம்பியதை மறைக்காமல் சொன்னார்.

வீட்டுப் பதிவுகளை வைத்துக் குடும்பக் கதை சொன்ன வேறு படங்களும் உண்டு. ஜொனாதன் கவுட், மனநோயோடு வாழ்ந்த தன் அம்மாவைப் பற்றிச் சிறு வயதிலிருந்து தானே எடுத்தவற்றைக் கோத்து 'டார்னேஷன்' செய்தார். அங்கேயும் கேமரா மகன் கையில்தான், ஆனால் அந்த மகன் அம்மாவை விட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. சாரா போலி 'ஸ்டோரீஸ் வீ டெல்' படத்தில், பழைய சூப்பர் எட்டு ஃபிலிமில் எடுத்த வீட்டுப் படங்கள் என்று நாம் நம்பியவற்றில் பலவும் நடிகர்களை வைத்து எடுத்தவை என்பதைப் பிற்பகுதியில் காட்டினார். மங்கலும் கீறலும் இருந்தால் போதும், உண்மை என்று நம்பிவிடுகிறோம். என்னிடம் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

திரும்ப டேவிடிடம் வருகிறேன். ஏன் இதையெல்லாம் பதிவு செய்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. ஒருவேளை நான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகவே பதிவு செய்தேனோ என்னவோ, ஏனென்றால் அந்த நாடாவுக்கு வெளியே எனக்கு அந்த நாட்கள் நினைவில் இல்லை என்கிறார். சுவரில் மாட்டிய சின்ன வயதுப் படத்தை நினைவு வைத்துக்கொண்டு, அந்த நாளை மறந்துவிடுகிற மாதிரி என்றும் சொல்கிறார். இது பொய்யில்லை. கேசட் மாற்றிக் கொடுக்கும்போது அதே அறையில் உட்கார்ந்து பார்க்கும் குடும்பங்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். "அன்னைக்கு மழை பெய்தது" என்று ஒருவர் சொல்வார், திரையில் வெயில் அடிக்கும். சற்று நேரம் தயங்கிவிட்டு, வெயில்தான் என்று ஒத்துக்கொள்வார். கேசட்டோடு யாரும் வாதாடுவதில்லை. அது வேறொரு நாளாகக்கூட இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். சொல்ல நான் யார்.

டேவிடின் தம்பி, மூன்று பேரில் நடுவில் உள்ள செத், இந்தப் படத்தில் பேச மறுத்துவிட்டார். அது அவருடைய முடிவு. ஆனால் வீட்டுப் பதிவுகளில் அவர் இருக்கிறார்: சிறு பையனாக, பெரியவனாக, அந்தச் சண்டைகளின் நடுவே. இன்று வாய் திறக்க மாட்டேன் என்றவரின் அன்றைய முகத்தை உலகமே பார்த்துவிட்டது. இலேனின் முகத்தையும்தான். கேசட் டேவிடுடையது, கொடுக்க அவருக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்லலாம். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்றவர்களிடம் அன்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது நான் வேலைக்கு வாங்கும் கேசட்டில் சண்டையோ அழுகையோ வந்தால், கொண்டு வந்தவரிடம் ஒன்று கேட்கிறேன்: இதில் இருக்கும் மற்றவர்களுக்கு, நீங்கள் இதைப் பிரதி எடுக்கக் கொடுத்திருப்பது தெரியுமா? சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். சிலர் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், அக்காவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.